ஈ.ஓ.டி கிரேனில் லோடு ஆடாமல், நழுவாமல் தூக்குவது எப்படி? புதியவர்களுக்குப் படிப்படியாக

கோயம்புத்தூர், ஓசூர், அம்பத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுக்குள் தலைக்கு மேல் ஒரு ஈ.ஓ.டி கிரேன் (மேலே தண்டவாளத்தில் ஓடும் மின்சாரக் கிரேன்) ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் 5 டன் அல்லது 10 டன், தரையில் நின்றபடி பெண்டண்டை (கேபிளில் தொங்கும் பொத்தான் பெட்டியை) கையில் பிடித்து ஓட்டுகிற ரகம். லோடு ஆடுகிறது, பிரேக் பிடிக்கவில்லை என்று புகார் வந்தவுடன் முதலாளிமார் சென்சார், ஆன்டி ஸ்வே (ஆட்டத்தை அடக்கும்) சிஸ்டம் என்று விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் காலையில் பத்து நிமிடம் ஒதுக்கி, பொத்தானை அழுத்துகிற விதத்தைக் கொஞ்சம் மாற்றினாலே பாதிப் பிரச்சினை செலவில்லாமல் தீர்ந்துவிடும். அதை முதலில் செய்துவிட்டு அப்புறம் கொட்டேஷன் வாங்குங்கள்.

படி 1: கரண்ட் போடுவதற்கு முன்னால் பாருங்கள்

முந்தின நாள் ஹூக்கைக் கீழே இறக்கும்போதே, கண்ணுக்கு எட்டும் உயரத்தில் நிறுத்திப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஹூக் வாயை மூடும் லாட்ச் இருக்கிறதா, ஸ்பிரிங் வேலை செய்கிறதா, ஹூக் கையால் சுற்றினால் தடங்கலில்லாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக வந்தபோது ஹூக் வாய் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வைத்திருந்தால் நல்லது. அதிலிருந்து 5 சதவீதம் அகன்றுவிட்டால் அந்த ஹூக் எங்கோ அளவுக்கு மீறி எடை தாங்கியிருக்கிறது என்று அர்த்தம். சூடுகாட்டி வளைத்து நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது ரோப். ஒரு ஸ்ட்ராண்ட் (பல கம்பி சேர்ந்த புரி) ரோப்பைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வருகிற நீளத்துக்கு ஒரு லே என்று பெயர். அந்த ஒரு லேவுக்குள் மொத்தம் 12 கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே ஸ்ட்ராண்டில் 4 அறுந்திருந்தாலோ ரோப்பை மாற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ-யின் விதி. எண்ணுவது கஷ்டமில்லை, ரோப் அசையாமல் நிற்கும்போது பழைய துணியைச் சுற்றி மெதுவாக உருவினால் அறுந்த முனை துணியில் மாட்டும். வெறுங்கையால் உருவ வேண்டாம். ஹூக் தரையைத் தொடும்போதும் டிரம்மில் (ரோப் சுற்றும் உருளையில்) குறைந்தது இரண்டு சுற்று ரோப் மீதி இருக்க வேண்டும்.

படி 2: திசை, லிமிட், பிரேக்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். லோடு எதுவும் இல்லாமல் பெண்டண்டில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பாருங்கள். மேலே என்றால் மேலே போகிறதா, எல்.டி (ஷெட்டின் நீளவாக்கில் கிரேன் ஓட்டம்), சி.டி (குறுக்கே டிராலி ஓட்டம்) இரண்டும் அம்புக்குறி காட்டுகிற பக்கமே போகின்றனவா? எமர்ஜென்சி ஸ்டாப்பை ஒரு முறை அழுத்தி எல்லாம் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

திசைச் சோதனையைப் பலர் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். மெயின் கேபிளையோ, கிரேனுக்குக் கரண்ட் கொண்டுபோகும் டி.எஸ்.எல் லைனையோ எலக்ட்ரீஷியன் கழற்றி மாட்டும்போது இரண்டு பேஸ் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். கீழே பொத்தானை அழுத்தினால் ஹூக் மேலே ஏறும். அதுகூடப் பெரிதில்லை. ஹூக் உச்சிக்கு வந்தால் நிறுத்துகிற அப்பர் லிமிட் சுவிட்ச், மேலே போகிற கான்டாக்டரை (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சை) மட்டும்தான் துண்டிக்கும், இப்போது ஹூக்கை ஏற்றிக்கொண்டிருப்பதோ கீழே போகிற கான்டாக்டர். லிமிட் அடித்தாலும் மோட்டார் நிற்காது. ஹூக் பிளாக் டிரம்மில் மோதி, ரோப் அறுந்து, எல்லாம் சேர்ந்து கீழே வரும். அதனால் கரண்ட் வேலை நடந்த மறுநாள் இந்தச் சோதனை இல்லாமல் கிரேனைத் தொடவே கூடாது.

தோட்டத்து மோட்டாருக்குப் போடுகிற சிங்கிள் பேஸ் பிரிவென்டர் தெரியுமல்லவா, அதே போல ஒன்றை கிரேன் பேனலிலும் போடலாம். பேஸ் வரிசை மாறினாலும் கண்டுபிடிக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பேஸ் போய்விட்ட நேரத்தில் பிரேக் மட்டும் திறந்து, மோட்டாருக்குச் சக்தி இல்லாமல் லோடு தானாக இறங்குகிற ஆபத்தையும் அது தடுக்கும்.

சரி, திசை ஒழுங்காக இருக்கிறது. இப்போது வெறும் ஹூக்கை மெதுவாக, விட்டு விட்டு அழுத்தி, அப்பர் லிமிட் வரை ஏற்றுங்கள். தானாக நிற்க வேண்டும். லிமிட்டை தினமும் நிறுத்துகிற பொத்தானாகப் பயன்படுத்துகிற பழக்கம் சில ஷெட்டில் உண்டு, மோசமான பழக்கம், ஆபரேட்டர் தவறும்போது காப்பாற்றத்தான் அது இருக்கிறது. டிரம்மின் சுற்றை வைத்து நிறுத்தும் ரோட்டரி லிமிட் உள்ள கிரேனில் ரோப் மாற்றினால் லிமிட்டையும் புதிதாக செட் பண்ண வேண்டும், இதை மறந்துவிடுகிறார்கள்.

பிரேக்குக்கு லோடு வேண்டும். அன்றைய முதல் கனமான ஜாப்பைத் தரையிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் தூக்கி விரலை எடுத்துவிட்டுப் பாருங்கள். அசையாமல் நின்றால் சரி. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாலோ, விரலை எடுத்த பிறகும் வழுக்கிக்கொண்டே போனாலோ, உடனே இறக்கிவிட்டு பிரேக் லைனரைப் (உராய்ந்து பிடிக்கும் பட்டையை) பாருங்கள். தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கியர்பாக்ஸ் ஆயில் கசிந்து லைனரில் பட்டிருக்கும்.

படி 3: எடை தெரியாமல் தூக்காதீர்கள்

"சுமார் ஒரு டன் இருக்கும்ணா" என்கிற பதில் போதாது. இரும்புக்குக் கணக்கு ரொம்பச் சுலபம்: 1 சதுர மீட்டர் தகடு, 1 மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. 6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் கனம் என்றால் 9 × 12 × 7.85, கிட்டத்தட்ட 848 கிலோ. செல்போனில் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. ஐந்து டன் கிரேன் ஆறு டன்னையும் தூக்கிவிடும் என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. 25 சதவீதம் கூடுதலாக ஏற்றிப் பார்ப்பது கிரேனைச் சோதிக்கும்போது மட்டும், அதையும் அதற்குரிய ஆள் முன்னால் நின்று செய்ய வேண்டும். தினசரி வேலைக்கு அது கணக்கில்லை.

படி 4: கட்டுகிற முறை

ஹூக் லோடின் ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கிய நொடியே லோடு தானாக அந்த இடத்துக்கு நகரும், அப்போது கை, கால் நடுவில் இருந்தால் அவ்வளவுதான். தூரத்தில் கிடக்கிற ஜாப்பை ஹூக்கால் இழுத்துக்கொண்டு வருகிற சைடு புல்லும் வேண்டாம், ரோப் டிரம் பள்ளத்திலிருந்து விலகி ஏறிக்கொள்ளும்.

லோடைக் கட்டித் தூக்கும் ஸ்லிங் இரண்டு காலாக இருந்தால் கோணம் முக்கியம். ஒரு டன் லோடு என்றால் காலுக்கு அரை டன் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்லிங் கிடைமட்டத்தோடு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் சுமார் 580 கிலோ, 45 டிகிரியில் 710, 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் முழுதாக 1000 கிலோ. நீளமான ஸ்லிங் போட்டால் இது தானாகக் குறையும். பெல்ட் ஸ்லிங்கில் வயலட் 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன் என்று நிறம் இருக்கும், ஆனாலும் லேபிளைப் படியுங்கள், லேபிள் கிழிந்த பெல்ட்டைக் குப்பையில் போடுங்கள். தகட்டின் கூர் விளிம்பில் பெல்ட் படுகிற இடத்தில் பழைய டயர் துண்டாவது வையுங்கள்.

படி 5: ஆட்டத்தை நிறுத்துவது

தொங்கும் லோடு ஊஞ்சல் மாதிரிதான். ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரம் எடையைப் பொறுத்ததில்லை, தொங்கும் நீளத்தைப் பொறுத்தது. மேலே டிராலியிலிருந்து (ஹூக்கைத் தாங்கி ஓடும் வண்டியிலிருந்து) லோடின் நடுப்பகுதி வரை 4 மீட்டர் என்றால் சுமார் 4 வினாடி, 6 மீட்டருக்கு ஏறக்குறைய 4.9 வினாடி, 9 மீட்டருக்கு 6 வினாடி.

நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் போகிற கிரேன் பட்டென்று நின்றால், 4 மீட்டரில் தொங்கும் லோடு முன்னும் பின்னும் 30 சென்டிமீட்டருக்கு மேல் ஆடும். ஓடிப்போய்க் கையால் பிடிப்பதுதான் எல்லோருக்கும் வருகிற முதல் எண்ணம். ஒரு டன்னைக் கையால் பிடிக்க முடியாது. பொத்தானால்தான் பிடிக்க வேண்டும். கிரேன் நின்றவுடன் லோடு முன்னால் போகும். அது கடைசி எல்லையை எட்டப்போகிற நேரத்தில் அதே திசைக்குப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டுங்கள், டிராலி லோடுக்கு நேர் மேலே வந்து நின்றுவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். முதல் சில நாள் சரியாக வராது, சீக்கிரம் தட்டிவிடுவீர்கள். வெறும் ஹூக்கில், பிறகு சின்ன எடையில் பழகுங்கள், விரலுக்குத் தானாகப் பிடிபடும்.

லோடைத் தேவைக்கு மேல் உயர்த்திக்கொண்டு போகாதீர்கள், தடை எதுவும் இடிக்காத உயரம் போதும். நீளமான ஜாப் சுற்றாமலிருக்க ஒரு நைலான் கயிறு கட்டி ஒருவர் தள்ளி நின்று பிடிக்கலாம்.

படி 6: ஆட்கள் எங்கே நிற்கிறார்கள்

சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் 2007 ஏப்ரல் 18 அன்று ஒரு எஃகு ஆலையில் கிரேனில் போய்க்கொண்டிருந்த 30 டன் உருகிய எஃகுக் கொப்பரை கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். உருக்காலைக்கென்று உள்ள கிரேனுக்குப் பதிலாகச் சாதாரண ஹூக் கிரேனைப் பயன்படுத்தியது ஒரு காரணம். ஆனால் சாவு இத்தனை ஆனதற்குக் காரணம், அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறையில் ஷிப்ட் மாறுகிற தொழிலாளர்கள் கூடியிருந்தது. உங்கள் ஷெட்டில் டீ குடிக்கிற பெஞ்ச் எங்கே போட்டிருக்கிறது என்று ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள்.

மேலே தண்டவாளத்தில் ஆள் வேலை செய்தால் மெயினை ஆஃப் செய்து பூட்டு போட்டுவிடுவது உத்தமம். தண்டவாளத்தின் அருகில் ஆள் இருக்கும்போது கிரேன் 6 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவே சொன்னது.

படி 7: கடைசியாக, டிரைவ் செட்டிங்

கிரேன் ஓடும்போது கிறீச்சென்று சத்தம், தண்டவாளத்தின் ஒரு பக்கவாட்டு மட்டும் பளபளப்பு என்றால் கிரேன் கோணலாக நடக்கிறது, சக்கரத்தின் விளிம்பு தேய்கிறது. ஆயில் தடவி மறைக்காமல் சக்கர விட்டத்தையும் தண்டவாள மட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யாமல் டிரைவைத் தொட்டுப் பயனில்லை.

எல்.டி, சி.டி மோட்டாருக்கு வி.எஃப்.டி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) இருந்தால் வேகமெடுக்கும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் ஊஞ்சல் நேரத்துக்குச் சமமாக வையுங்கள். 4 மீட்டர் தொங்கல் வழக்கம் என்றால் 4 வினாடி. ஒரு முழு ஆட்ட நேரத்துக்குச் சீராக வேகம் கூடினால் முடிவில் லோடு ஆடாமல் வந்து சேரும். தொங்கும் நீளம் மாறினால் கொஞ்சம் ஆட்டம் மிஞ்சும், பரவாயில்லை. லோடைத் தூக்கும் ஹாயிஸ்ட் மோட்டாரின் வி.எஃப்.டியை மட்டும் நீங்களாகத் தொட வேண்டாம், அதில் பிரேக் திறக்கும் வரிசை இருக்கிறது, தெரிந்தவர் செய்யட்டும்.

செட்டிங் மாற்றிய அன்று ஆபரேட்டர்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் 4 வினாடி நிற்கும் நேரம் வைத்தால், பொத்தானை விட்ட பிறகும் கிரேன் ஒரு மீட்டர் போகும். பழைய பழக்கத்தில் கடைசி நேரத்தில் விரலை எடுத்தால் தூணிலோ மெஷினிலோ இடிக்கும். டிராக் முனையில் இருக்கும் லிமிட்டையும் அதற்கேற்ப உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.