ரெண்டர் எடுத்த பிறகு கருத்துக் கேட்காதீர்கள்: அனிமேஷன் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிபம்பில் நிரப்பிய குடத்தை ஒரு பெண் தரையிலிருந்து தூக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்குகிறாள். ஐந்து விநாடி ஷாட். விநாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்), மொத்தம் 120. நான் சொந்தமாகச் செய்த முதல் ஷாட் அது. இரண்டு மாதம் பிடித்தது. சாயங்கால வெயில், பம்பைச் சுற்றிச் சேறு, குடத்தின் வாயில் தளும்பும் தண்ணீர், பின்னணியில் புல்லாங்குழல் எல்லாம் சேர்த்து, ரெண்டர் எடுத்து, அதாவது கணினியில் இறுதிப் படமாக்கி, முடித்த பிறகுதான் இணையத்தில் போட்டேன்.

கமெண்ட் நிறைய வந்தது. ‘செம’, ‘வேற லெவல் ப்ரோ’, ‘லைட்டிங் சூப்பர்’. ஒருவர் மட்டும், ‘குடம் காலியா? தண்ணி இருக்கிற கனம் தெரியலையே’ என்று எழுதியிருந்தார்.

அவர் சொன்னது சரி. பன்னிரண்டு கிலோவைத் தூக்கப்போகும் உடம்பு முதலில் கீழே இறங்கும். இடுப்பு சுமைக்கு அருகே போகும், தோள் இறுகும், கை நீண்டு விறைக்கும். அதற்குப் பிறகும் சில ஃபிரேம்களுக்குக் குடம் தரையை விட்டு அசையாது. என் ஷாட்டில் கை மேலே போன அதே ஃபிரேமில் குடமும் கிளம்பிவிட்டது. இதைச் சரிசெய்ய இடுப்பிலிருந்து தொடங்கி முழு உடலையும் மறுபடி போஸ் செய்ய வேண்டும், பிறகு தண்ணீர் சிமுலேஷன், ரெண்டர் எல்லாம் திரும்ப. எனக்குத் தெம்பில்லை. அந்த ஃபைலை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: திருத்த முடியாத கட்டத்துக்கு வந்த பிறகு கருத்துக் கேட்பது. பிளாக்கிங்கில், அதாவது முக்கியமான போஸ்கள் மட்டும் படிப்படியாகத் தாவும் நிலையில், ஒரு போஸைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று வைக்கப் பத்து நிமிடம் போதும். ஸ்ப்ளைனுக்கு, அதாவது போஸ்களுக்கு இடையிலான அசைவைக் கணினி இழைத்து நிரப்பும் நிலைக்கு மாற்றி, இடுப்புக்கு ஓரிடத்தில் கீ (நிலையைப் பதியும் புள்ளி), முழங்கைக்கு இரண்டு ஃபிரேம் தள்ளி ஒரு கீ என்று கலைத்துப் போட்ட பிறகு அதே மாற்றத்துக்கு ஒரு நாள் போய்விடும். ஸ்டுடியோக்களில் டெய்லீஸ் என்று வைத்து, அரைகுறையாக இருக்கும் ஷாட்டைச் சூப்பர்வைசர் முன்னால் ஓட்டுவது இதற்காகத்தான். வீட்டிலிருந்து தனியாகக் கற்றுக்கொள்பவருக்கு அந்த அறை கிடைப்பதில்லை. அதனால் இணையத்தை அந்த அறையாக ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அழகாக ஒளியமைத்த ஷாட்டைப் பார்ப்பவர் ஒளியைப் பற்றித்தான் பேசுவார். இசை போட்டால் இசையின் தாளம் டைமிங்கில் உள்ள குறையை மறைத்துவிடும். சாம்பல் நிற உருவம், வெறும் தரை, சத்தமில்லாத பிளேபிளாஸ்ட் (ரெண்டர் இல்லாமல் சட்டென்று எடுக்கும் மாதிரி வீடியோ): அசைவைப் பற்றிக் கருத்து வேண்டுமென்றால் இதைப் போடுங்கள். ‘இது பிளாக்கிங், விரல்களை இன்னும் தொடவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும், யாரும் விரலைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து அதே ஷாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை எட்டே போஸ் வைத்து, முதலில் அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு அனிமேஷன் தெரியாது, குடம் தெரியும். ஒரு தடவை பார்த்துவிட்டு, “நெறகுடத்த யாரும் ஒரே மூச்சுல இடுப்புக்கு ஏத்த மாட்டாங்கப்பா. முதல்ல தொடையில வச்சுக்குவோம், அப்புறம்தான் இடுப்பு” என்றார். அந்த ஒரு போஸ் சேர்ந்ததும் ஷாட்டே மாறிவிட்டது. தொடையில் தாங்கும்போது ஒரு கால் மடங்கி முன்னே வருகிறது. இடுப்புக்கு ஏறியதும் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து, சும்மா இருக்கும் கை விலகிச் சமநிலை பிடிக்கிறது.

வீட்டில் இருப்பவர்களிடம் காட்டிப் பயனில்லை என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. கேட்கும் கேள்விதான் வேறாக இருக்க வேண்டும். ‘நல்லா இருக்கா?’ என்றால் ‘நல்லா இருக்கு’ என்பார்கள். ‘இதில் என்ன நடக்குதுன்னு சொல்லுங்க’ என்று மட்டும் கேட்டுவிட்டு, நாம் வாயைத் திறக்காமல் இருந்தால், கதை புரிகிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். அனிமேட்டர்களிடம் கேட்கும்போது குறுக்கிக் கேளுங்கள். ‘40-லிருந்து 72 வரை குடம் கனமாகத் தெரிகிறதா? தொடையில் போதுமான அளவு நிற்கிறதா?’ என்று எழுதியபோதுதான் எனக்கு ஃபிரேம் எண்ணோடு பதில் வந்தது.

ஃபிரேம் எண் வீடியோவிலேயே தெரிய வேண்டும். பலரும் விட்டுவிடும் விஷயம் இது. ப்ளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் அவுட்புட் பகுதியில் மெட்டாடேட்டாவுக்குள் ‘பர்ன் இன்டு இமேஜ்’ என்று இருக்கும், அதை டிக் செய்தால் எண் படத்தின் மேலேயே பதிந்துவிடும். மாயா என்ற மென்பொருளில் ஹெட்ஸ் அப் டிஸ்ப்ளேயில் கரண்ட் ஃபிரேமைத் தெரிய வைத்துப் பிளேபிளாஸ்ட் எடுக்கலாம். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டுக் கமா, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். எண்ணும் தெரிந்தால் பார்ப்பவருக்கு வேலை எளிது. ஃபிரேமின் மேலேயே கோடு போட்டுக் காட்ட வேண்டுமென்றால் சிங்க்ஸ்கெட்ச் போன்ற கருவிகள் இருக்கின்றன.

கணினித் திரையை ஃபோனால் படம் பிடித்து அனுப்புகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. திரையில் ஓடுவது உண்மையான வேகம் என்று சொல்லவே முடியாது. கனமான ரிக் (உருவத்தை அசைக்க உதவும் எலும்புக்கூடும் கண்ட்ரோல்களும் சேர்ந்த அமைப்பு) என்றால், எல்லா ஃபிரேமையும் விடாமல் ஓட்டும் அமைப்பில், ப்ளெண்டர் 24-க்குப் பதிலாக 14 ஃபிரேம்தான் ஓட்டும். மேல் மூலையில் அந்த எண் சிவப்பாகத் தெரியும். அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டு டைமிங் வைத்தால், ரெண்டரில் எல்லாமே பரபரவென்று ஓடும். ஜிஃப் ஆக மாற்றுவதும் வேண்டாம். அதில் ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவில்தான் பதிவாகும். நூறில் நான்கு என்றால் 25 ஃபிரேம், ஐந்து என்றால் 20. எல்லா ஃபிரேமும் ஒரே அளவு நின்று சீராக 24 வரவே வராது. வாட்ஸப்பில் அனுப்புவதானால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், தரம் குறையாது.

நடை சுழற்சி, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நடை, போடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 24 ஃபிரேம் சுழற்சியை ஒரே ஒரு முறை ஓட்டிப் போட்டால், கண் பழகுவதற்குள் முடிந்துவிடும். எட்டு முறையாவது ஓடட்டும். முதல் ஃபிரேமும் 25-ஆம் ஃபிரேமும் ஒரே போஸ் என்பதால் 1 முதல் 24 வரை மட்டும் ரெண்டர் எடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்னத் தட்டல் தெரியும், அதையே எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். கேமராவைச் சுற்றிச் சுழல விடாமல் முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று நிலையாக வையுங்கள்.

எந்த ரிக் என்பதையும் எழுதுங்கள். ப்ளெண்டர் ஸ்டுடியோ தரும் ரெயின் போன்ற ரிக்கை யாரும் பயன்படுத்தலாம், ஆனால் பெயர் குறிப்பிட வேண்டும். தவிர, அந்த ரிக்கைப் பழகியவர் எந்தக் கண்ட்ரோலைத் தொட வேண்டும் என்றே சொல்லிவிடுவார்.

சம்பளத்துக்குச் செய்த ஷாட்டை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். சாம்பல் நிறப் பிளேபிளாஸ்ட்தானே, நாலு விநாடிதானே என்று தோன்றும். வெளிவராத படத்தின் ஷாட் என்றால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும், வேலையே போகலாம். படம் வந்த பிறகும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு போடுங்கள்.

அடுத்தது, கருத்து வந்த பிறகு நடப்பது. ‘ரிக்ல அந்த கண்ட்ரோல் சரியில்ல’, ‘ரெஃபரன்ஸ்லயே அப்படித்தான் இருந்துச்சு’ என்று விளக்கம் சொல்லத்தான் கை போகும். பார்ப்பவருக்கு ரிக்கும் தெரியாது, நாம் பார்த்துச் செய்த ரெஃபரன்ஸ் வீடியோவும் தெரியாது, திரையில் உள்ளதுதான் தெரியும். விளக்கம் சொன்னால் அவர் அடுத்த முறை எழுத மாட்டார். அதற்காக, சொன்னதையெல்லாம் அப்படியே செய்யவும் கூடாது. ‘குடத்தை இன்னும் மெதுவாகத் தூக்கணும்’ என்று இரண்டு பேர் எழுதினார்கள். மெதுவாக்கிப் பார்த்தேன், நீருக்குள் மிதப்பது போல் ஆகிவிட்டது. உண்மையான குறை தொடக்கத்தில் இருந்தது. குடம் தரையை விட்டுக் கிளம்புவதை நான்கு ஃபிரேம் தள்ளிப்போட்டு, கிளம்பிய பிறகு வேகத்தைக் கூட்டியதும் கனம் வந்துவிட்டது. ஆக, அந்த இருவரும் சுட்டிய இடம் சரி, சொன்ன வழிதான் பொருந்தவில்லை. பலர் ஒரே இடத்தைக் காட்டினால் அந்த இடத்தைக் கண்டிப்பாகத் திறந்து பாருங்கள், என்ன செய்வது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

கருத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போவதும் ஒரு தவறு. திருத்திய வெர்ஷனைப் பழையதன் பக்கத்திலேயே வைத்து, யார் சொன்னதால் எது மாறியது என்று எழுதிப் போடுங்கள். உதவியவர் மறுபடி வந்து பார்ப்பார். நீங்களும் மற்றவர் ஷாட்டுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

நான் மூன்றாவது வெர்ஷனைப் போட்ட அன்று, முதலில் குடம் காலியா என்று கேட்ட அதே நபர் வந்தார். தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘88-ல் இடது பாதம் வழுக்குது, பாருங்க’ என்று மட்டும் எழுதியிருந்தார்.