கொல்லைப்புறத்தில் செயற்கைப் புல் கோர்ட்: டர்பன் வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை

கோர்ட் போடப்போகிறவர்கள் முதலில் பார்ப்பது புல்லின் நிறத்தை. கடைசியாகப் பார்த்தால் போதும் அதை. பந்து நேராக எழும்புவதும், மழை விட்டதும் இறங்கி விளையாட முடிவதும், நாலு வருடம் கழித்தும் தரையில் பள்ளம் விழாமல் இருப்பதும் அடியில் போடும் ஜல்லியையும் தண்ணீர் வடிய விடும் வாட்டத்தையும் பொறுத்தவை. அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் மண்வேலைதான்.

என்ன விளையாட்டு, எவ்வளவு இடம்

முழு பாட்மின்டன் கோர்ட் 13.4 × 6.1 மீட்டர். கிரிக்கெட் பிட்ச் ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 20.12 மீட்டர். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கொல்லைகளில் இதற்கெல்லாம் இடம் கிடைப்பது அபூர்வம். பிள்ளைகளின் கிரிக்கெட், குட்டி டென்னிஸ், கொஞ்சம் கால்பந்து என்று கலந்து ஆட 11.8 × 5.8 மீட்டர் போதும். இந்த அளவுக்கு ஒரு காரணம் உண்டு. புல் பெரும்பாலும் 4 மீட்டர் அகலச் சுருளாக வரும். 6 மீட்டர் நீளத்தில் மூன்று துண்டு வாங்கிக் குறுக்காகப் பரப்பினால், ஓரம் வெட்டியது போக இந்த அளவு சரியாக வரும், வீண் குறைவு.

தோண்டும் முன் ஒன்று: நகராட்சிக் கழிவுநீர்க் குழாய் கொல்லை வழியாகவே ஓடும் மனைகள் இங்கே நிறைய. டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி நகராட்சியில் வரைபடம் கேட்டுப் பாருங்கள். ஆய்வுக்குழி (மேன்ஹோல்) மூடியைப் புல்லுக்கு அடியில் புதைக்கவே கூடாது.

எப்போது தொடங்குவது

டர்பனில் மழை பெரும்பாலும் கோடையில். ஜூன், ஜூலை வறட்சியாக இருக்கும், வேலைக்கு அதுதான் நல்ல காலம். ஆனால் ஏற்பாட்டை ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள். காரணம் கொல்லையில் ஏற்கெனவே பரவிக் கிடக்கும் கிக்கூயு புல். அதன் வேர்த்தண்டு ஒரு துண்டு தப்பினாலும் ஜல்லியைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். பச்சையாக இருக்கும்போதே களைக்கொல்லி அடித்து, முழுதும் காய விட்டு, அப்புறம் தோண்டுங்கள்.

மண்வேலை

நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் பிடியுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 13.15 மீட்டர் காட்டினால் மூலைகள் சரி. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் முளையை நகர்த்துங்கள்.

12 செ.மீ. ஆழம் தோண்டினால் கிளறிய மண் 10 கன மீட்டர் அளவுக்குக் குவியும். 6 கன மீட்டர் ஸ்கிப் (மண் அள்ளிப்போக வாடகைக்கு வரும் இரும்புத் தொட்டி) இரண்டு வேண்டியிருக்கும். தோண்டிய தரையிலேயே வாட்டம் விட்டுவிடுங்கள்: மீட்டருக்கு 1 செ.மீ. என்றால் 5.8 மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 6 செ.மீ. இறக்கம். விளையாடும்போது கண்ணுக்கே தெரியாது, தண்ணீருக்கு மட்டும் தெரியும். இறக்கமான பக்கத்தில் துளையிட்ட குழாயை ஜல்லிக்குள் படுக்கவைத்து மழைநீர் வடிகாலில் சேர்க்க வேண்டும். அண்டை வீட்டுச் சுவரைப் பார்த்துத் தண்ணீரை விட்டால் அங்கே பிரச்சினை ஆரம்பம். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் சரிவு நிலம் இந்த ஊரில் என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். மண்ணை வெட்டித் தாங்குசுவர் கட்டவேண்டிய மனை என்றால் பொறியாளர் இல்லாமல் கைவைக்காதீர்கள்.

சுற்றிலும் விளிம்புக் கல்லைச் சிமென்டில் பதித்து, தரையில் மண்ணும் ஜல்லியும் கலக்காமல் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். அதன் மேல் 7.5 செ.மீ. கனத்துக்கு உடைகல், அதற்கு மேல் 2.5 செ.மீ. கனத்துக்கு க்ரஷர் தூள் (கல் உடைக்கும்போது வரும் பொடி). இறுகும்போது அமுங்கும் என்பதால் இரண்டும் சேர்த்து 8 கன மீட்டர் சொல்லுங்கள். தரையை அதிர்ந்து இறுக்கும் பிளேட் காம்பாக்டர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் தனியாக இறுக்குங்கள். எல்லாவற்றையும் கொட்டி ஒரே தடவை ஓட்டினால் மேலே மட்டும்தான் இறுகும். முடிந்ததும் 3 மீட்டர் நேர்க்கட்டையை வைத்துப் பாருங்கள். அடியில் விரல் நுழையும் இடமெல்லாம் பள்ளம், தூள் போட்டு நிரவுங்கள்.

புல்

அலங்காரத்துக்கு விற்கும், இழை உயரம் 30, 40 மி.மீ. உள்ள புல் வேண்டாம், பந்து அதில் செத்துவிடும். 12 முதல் 15 மி.மீ. விளையாட்டுப் புல் என்று கேட்டு வாங்குங்கள். விரித்து ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால் சுருக்கம் இளகும். மூன்று துண்டிலும் இழை ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று திரும்பினாலும் நிறம் வேறாகத் தெரியும்.

இணைப்புதான் நுட்பமான வேலை. புல்லைத் திருப்பி, முதுகில் இரண்டு தையல் வரிசைக்கு நடுவே கத்தியை ஓட்டி ஓரத்தை வெட்டுங்கள். இரண்டு ஓரத்தையும் அரை மீட்டர் மடித்துவிட்டு, நடுவில் 30 செ.மீ. அகல இணைப்பு நாடாவை விரித்து, பல் வைத்த பூச்சுக் கரண்டியால் பாலியூரித்தேன் பசையைத் தடவுங்கள். விரலில் நூல் இழுக்கும் பதம் வந்ததும் ஒரு ஓரத்தை இறக்கி, மற்றதை அதற்கு ஒட்ட, 1, 2 மி.மீ. இடைவெளியில் வையுங்கள். உள்ளே மாட்டிய இழைகளைச் சீப்பின் முனையால் எடுத்துவிடுங்கள். காயும்வரை மணல் மூட்டை பாரம் இருக்கட்டும். ஈரத்தில் பசை பிடிக்காது.

அடுத்தது சிலிக்கா மணல். சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ, 40 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் முப்பது சொச்சம். காய்ந்த மணலை மூன்று நாலு தடவையாகத் தூவி, ஒவ்வொரு தடவையும் இழையின் சாய்வுக்கு எதிராகத் துடைப்பத்தால் தள்ளுங்கள். மேலே 2, 3 மி.மீ. இழை தெரிந்தால் போதும். கோடுகளுக்குச் சுண்ணக்கட்டி போதும். எந்த விளையாட்டு நிலைக்கிறது என்று பார்த்துப் பெயின்ட் அடிக்கலாம்.

அப்புறம்

ஜனவரி மதிய வெயிலில் வெறுங்காலோடு பிள்ளைகளை விடாதீர்கள், சுட்டுவிடும். தண்ணீர் தெளித்தாலும் சிறிது நேரத்துக்குத்தான் தாங்கும். மாதம் ஒருமுறை துடைப்பத்தால் இழையை எழுப்பி, மணல் குறைந்த இடத்தில் சேருங்கள்.

நம் வீடுகளில் கொல்லை விளையாட்டுக்கு மட்டும் அல்லவே. இறைச்சி சுடும் பிராய் அடுப்பும் பிரியாணிப் பானையின் விறகும் கோர்ட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும், ஒரு கங்கு போதும் புல்லை உருக்க. பூசைக்கோ கல்யாணத்துக்கோ பந்தல் போட வருகிறவர்களிடம் இரும்பு முளை அடிக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தண்ணீர் நிரப்பிய டிரம்களில் கட்டிக்கொள்ளலாம்.