இருபதாம் தேதி அவசரமும் இலவச டவுன்லோடும்

மாதத்தின் 20ஆம் தேதி நெருங்கினால் மதுரை டவுன்ஹால் ரோடு, மேலமாசி வீதிப் பக்கத்துக் கணக்கு அலுவலகங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி வரிப் படிவத்தைத் தாக்கல் செய்பவர்களுக்கு அதுதான் கடைசி நாள். அந்த நேரம் பார்த்து ஒரு பிடிஎஃப் கோப்பைச் சுருக்க வேண்டியிருக்கும். அதற்கான இலவச மென்பொருளைக் கூகுளில் தேடி, முதலில் வருவதைச் சொடுக்குவார்கள். வினை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நிற்பது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். கணக்கெழுத உதவும் டேலியோ, தூரத்துக் கணினியை இயக்கும் எனிடெஸ்க்கோ எதைத் தேடினாலும், அசலைப் போலவே இருக்கும் போலித் தளத்துக்கு அது இழுத்துப் போகலாம். ஒரே பக்கத்தில் நான்கு டவுன்லோட் பொத்தான்கள் இருந்து, எது உண்மையானது என்று யோசிக்க வேண்டியிருந்தால் அந்தத் தளமே வேண்டாம். முகவரிப் பட்டையில் பூட்டு இருக்கிறதே என்பார்கள். அந்தப் பூட்டைக் காட்ட வைக்கும் சான்றிதழ் மோசடிக்காரர்களுக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. குரோம் 2023இல் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது. இறக்கிய கோப்பு 'பில்.பிடிஎஃப்' என்று தெரிந்தாலும் அதன் வாலில், அது இயங்கும் புரோகிராம் என்று காட்டும் '.இஎக்ஸ்இ' மறைந்திருக்கலாம், விண்டோஸ் அதை இயல்பாகக் காட்டாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் காட்டும்படி மாற்றிவிடுங்கள்; அரை நிமிட வேலை.

2024 முதல் பரவிவரும் இன்னொன்று இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பெட்டி வரும். விண்டோஸ் விசையோடு 'ஆர்', பிறகு கன்ட்ரோலோடு 'வி', கடைசியில் என்டர் என்று வரிசையாக அழுத்தச் சொல்லும். அந்தப் பக்கம் கிளிப்போர்டில் (காப்பி செய்தவை தங்கும் இடத்தில்) சத்தமில்லாமல் வைத்துவிட்ட கட்டளையை நாமே இயக்கிக் கொடுக்கிறோம். இயக்கியது நம் கை என்பதால் ஆன்டிவைரஸும் சில நேரம் ஏமாந்துவிடும். உண்மையான கேப்சா, அதாவது 'ரோபோ இல்லை' சோதனை, எதுவும் விண்டோஸ் விசையும் 'ஆர்'உம் திறக்கும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

ஊழியர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓசி விண்டோஸ் போட்டுக்கொள்ளும் முதலாளிகளை என்ன சொல்வது? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எதையும் நிறுவ அனுமதியுள்ள அட்மின் கணக்கிலேயே நாள் முழுவதும் இணையம் பார்ப்பதும் வேண்டாம். பேக்கப் ஹார்டு டிஸ்க்கை எப்போதும் கணினியில் செருகியே வைத்தால், கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

சந்தேகம் வந்ததும் பலர் ரீஸ்டார்ட் செய்கிறார்கள். முதலில் லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். வங்கி, ஜிஎஸ்டி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள்.