பழைய கௌபாய் கார்ட்டூன்களில் துப்பாக்கியைத் தேடாதீர்கள்

அமெரிக்க நாளிதழ்களில் வந்த பழைய கௌபாய் கார்ட்டூன்களைப் பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது துப்பாக்கியையும் ஷெரிஃபையும்தான். சினிமா ஏற்படுத்திய பழக்கம் அது. இந்தக் கார்ட்டூன்களில் சிரிப்பு பிறக்கும் இடம் பெரும்பாலும் மாட்டுப்பண்ணையின் அன்றாட வேலை. 1922 முதல் 1957-இல் இறக்கும்வரை 'அவுட் அவர் வே' தொடரை வரைந்த ஜே. ஆர். வில்லியம்ஸ், பண்ணையிலும் குதிரைப்படையிலும் பட்டறையிலும் உழைத்தவர். வேலையின் அலுப்பு அவருக்கு அத்துப்படி.

ஒரு படத்தில் கௌபாய் கடப்பாரையோடு நிற்கிறான், முகத்தில் எரிச்சல். சோம்பேறி என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அவன் பூட்ஸைப் பாருங்கள். அந்த உயரக் குதி, சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியில் கால் நழுவாமலிருக்க வைத்தது; நடக்கவோ குழி தோண்டவோ லாயக்கில்லை. குதிரைமேல் இருந்தபடி செய்வதுதான் கௌரவமான வேலை என்பது அவர்களின் எண்ணம். 1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு மேய்ச்சல் நிலமெங்கும் வேலி வந்தது, கம்பம் நடும் வேலையும் இவர்கள் தலையில் விழுந்தது. கீழே இறக்கிவிடப்பட்ட குதிரைக்காரனின் ரோஷம்தான் அந்தப் படத்தின் நகைச்சுவை. எனக்கு மிகவும் பிடித்த வகையும் இதுவே.

மாடு யாருடையது என்று காட்ட அதன் தொடையில் போட்டிருக்கும் சூட்டுக்குறியைக் கவனிக்காமல் விடுவது இன்னொரு தவறு. பசுவுக்கு ஒரு குறி, அதனிடம் பால் குடிக்கும் கன்றுக்கு வேறு குறி என்றால் யாரோ கன்றைத் திருடியிருக்கிறார்கள். வசனமே தேவையில்லை, பண்ணைக்காரனுக்கு அதுவே போதும். வில்லியம்ஸ் படங்களில் அடியில் உள்ள தலைப்பையும் விட்டுவிடாதீர்கள். 'முப்பது வருஷம் முந்திப் பிறந்துவிட்டேன்' என்ற பொருளில் ஒரு தலைப்பு அவரிடம் திரும்பத் திரும்ப வரும். அதைப் படித்தபின் படத்தை மறுபடி பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். கொச்சையாக எழுதிய பேச்சு படிப்பறிவைக் கேலி செய்வதல்ல. வட்டார வழக்கை அப்படியே பதிவு செய்வது.

வெளியான ஆண்டைப் பார்க்காமல் படிக்கவே கூடாது. டெக்ஸாஸ்காரரான ஏஸ் ரீட் வரைந்த 'கௌபோக்ஸ்' படங்களில் மாடுகள் எலும்பும் தோலுமாக நிற்கும். மிகைப்படுத்தல் என்று தோன்றும். ஆனால் 1950-களில் டெக்ஸாஸை ஏழு ஆண்டு வறட்சி வாட்டியது. 1956 முடிவதற்குள் அங்குள்ள 254 மாவட்டங்களில் 244 பேரிடர் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. மழையையும் வங்கிக் கடனையும் வைத்து அவர் செய்த நகைச்சுவைக்கு, அதே கடனில் இருந்தவர்களே வாய்விட்டுச் சிரித்தார்கள்.

கறுப்பினத்தவரையும் மெக்சிக்கோக்காரர்களையும் செவ்விந்தியர்களையும் கோமாளிகளாக்கும் படங்களும் அக்காலப் பத்திரிகைகளில் உண்டு. 'அந்தக் காலம் அப்படி' என்று கடந்துபோவது சரியில்லை. உண்மையான கௌபாய்களில் கறுப்பினத்தவரும் மெக்சிக்கோக்காரரும் கணிசமாக இருந்தார்கள். வெள்ளைக்காரன் சுழற்றும் சுருக்குக்கயிறும், அதை வீசி மாட்டை மடக்கும் வித்தையும் வக்கேரோ எனப்படும் மெக்சிக்கோவின் குதிரையேறிய மாட்டுக்காரர்களிடம் கற்றவை.