ஹெட்போன் சத்தம் தானாகக் குறைகிறதா? கடைக்கு வருவதற்கு முன் ஒரு நிமிடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாசாருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஹேண்ட்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களில் சம்பளம் போட்ட வாரம் கூட்டம் வரும். உடைந்த கண்ணாடி, வீங்கிய பேட்டரி, அதற்கு அடுத்தபடி நான் அதிகம் கேட்பது இந்தப் புகார்தான்: "அண்ணே, பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு, திடீர்னு சத்தம் இறங்கிடுது. ஏத்தினா ஏதோ எழுத்து வருது."

அந்த 'ஏதோ எழுத்தை' யாரும் படிப்பதில்லை. படிக்காமல் ஓகே அழுத்துவது முதல் தவறு. ஆனால் அதற்காக ஆட்களைத் திட்ட எனக்கு மனசு வராது. அது வருகிற நேரம் அப்படி. ஒருவர் வேன் ஓட்டிக்கொண்டிருப்பார், ஒருவர் கையெல்லாம் தோசை மாவாக இருக்கும். அழுத்தினால்தான் பாட்டு பழைய சத்தத்துக்கு வரும் என்றால் யார்தான் நின்று படிப்பார்கள்?

அதைவிடப் பெரிய தவறு, எது சத்தத்தைக் குறைத்தது என்று தெரியாமலேயே காசு செலவழிப்பது. பள்ளி வேன் ஓட்டும் அக்கா ஒருவர் அப்படித்தான் வந்தார். வேனில் பழைய ரேடியோ, போனிலிருந்து கேபிள் போட்டுப் பாட்டு வைப்பார். சத்தம் குறைகிறது என்று இரண்டு முறை கேபிள் மாற்றிவிட்டார். மூன்றாவதாகப் புதுப் போன் வாங்குவதா என்று கேட்கத்தான் கடைக்கு வந்தார்.

"எப்பக்கா குறையுது?"

"அதாந்தம்பி அதிசயம். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மத்தியானம். வெள்ளிக்கிழமைதானே அம்மன் பாட்டு போடறேன். அந்தப் பாட்டை இறக்கினதுலதான் ஏதோ கோளாறு."

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பாட்டு ஓடும் என்று கேட்டேன். காலையும் மத்தியானமும் சேர்த்து நாலு மணி நேரம், வால்யூம் எப்போதும் உச்சத்தில். பிறகு எனக்குக் கணக்குப் போடுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு கடிகாரம் ஓசைப்படாமல் ஓடுகிறது. ஹெட்போன் துளையில் எதையாவது செருகி, 'பாதுகாப்பு அளவு' என்று போன் வைத்திருக்கும் கோட்டுக்கு மேல் கேட்கும் நேரத்தையெல்லாம் அது கூட்டிக்கொண்டே வரும். மொத்தம் 20 மணி நேரம் ஆனதும் சத்தத்தைத் தானே இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றப் போனால் அனுமதி கேட்கும். நாளைக்கு 4 மணி, பள்ளி 5 நாள். அம்மன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இந்த 20 மணி நேரக் கணக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. கையில் எடுத்துப் போகும் பாட்டுக் கருவிகள் தொடக்கத்தில் 85 டெசிபலுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது, பயன்படுத்துபவர் தெரிந்தே சம்மதித்தால் 100 வரை போகலாம், 20 மணி நேரம் கேட்டபிறகு அந்தச் சம்மதத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று அங்கே தரவிதி கொண்டுவந்தார்கள். 2013 முதல் அங்கே விற்கும் கருவிகள் அதன்படி வர ஆரம்பித்தன. போனுக்குள் இருக்கும் மென்பொருளோ உலகம் முழுக்கப் போவது. அதனால் நம் ஊர்ப் பள்ளி வேனிலும் அது மணி பார்க்கிறது.

இதில் போனின் மடத்தனம் ஒன்று உண்டு. கேபிளின் மறுமுனையில் இருப்பது காதா, வேன் ஸ்பீக்கரா, கல்யாண மண்டப ஆம்ப்ளிஃபையரா என்று அதற்குத் தெரியாது. துளையில் ஏதோ செருகியிருக்கிறது, அவ்வளவுதான் அதன் அறிவு. 'இந்தக் கேபிள் ரேடியோவுக்குப் போகிறது, நினைவில் வைத்துக்கொள்' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தால் எத்தனையோ பேரின் எரிச்சல் குறைந்திருக்கும். அதுவரை வழி இதுதான்: எச்சரிக்கை வந்தால் சம்மதம் கொடுத்து, போனை ஏறக்குறைய உச்சத்தில் விட்டுவிடுங்கள். கூட்டவும் குறைக்கவும் ரேடியோவின் குமிழைத் திருகுங்கள். வண்டி ஓடும்போது மட்டும் போனைத் தொட வேண்டாம், அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

புளூடூத்தில் கதை கொஞ்சம் வேறு. ஐபோனில் 2021 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 14.4 முதல், இணைத்திருக்கும் கருவி என்ன வகை என்று நாமே சொல்லிவிடலாம். அமைப்புகளில் புளூடூத்துக்குப் போய், கருவியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வட்டத்தை அழுத்தினால் கருவியின் வகையைக் கேட்கும் இடம் வரும். கார் ரேடியோ, ஸ்பீக்கர், ஹெட்போன், காது கேட்கும் கருவி என்று பட்டியல் இருக்கும். கார் ரேடியோவை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டுதான் பல ஐபோன்கள் சத்தத்தைக் குறைக்கின்றன. வகையை மாற்றிவிட்டால் முடிந்தது. புதிய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் புளூடூத் பக்கத்திலேயே இதைக் கேட்கிறார்கள்.

ஐபோன் எண்ணும் விதமும் வேறு. அது 20 மணி நேரத்தைப் பார்ப்பதில்லை, கடைசி ஏழு நாளில் உங்கள் காதுக்குள் போன சத்தத்தை மொத்தமாகக் கூட்டுகிறது. வாரக் கணக்கு நிறைந்தால் அறிவிப்பு வரும், சத்தம் இறங்கும். 'ஒலிகள்' பக்கத்தில் ஹெட்போன் பாதுகாப்பு என்ற இடத்தில் இது இருக்கிறது. சில நாடுகளில் அந்த அறிவிப்பை அணைக்கவே முடியாது. அதே இடத்தில், பெரிய சத்தத்தைக் குறைக்கும் இன்னொரு பொத்தானும் உண்டு. அது வாரக் கணக்கு எதுவும் பார்க்காது, நீங்கள் வைத்த டெசிபலைத் தாண்ட விடாது. வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக அதைப் போட்டுவிட்டு, அப்பா என் கடைக்கு வந்த கதை நிறைய. சாம்சங் போன்களிலும் வால்யூம் பக்கத்து மெனுவில் இதுபோல ஒரு வரம்பு இருக்கிறது, அதற்கு ரகசிய எண்ணும் போடலாம். பிள்ளை கையில் போனைக் கொடுப்பவர்கள் அதைத் தேடிப் போட்டுவிடுவது நல்லது. போட்ட எண்ணை மறந்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

அப்புறம், 'வால்யூம் பூஸ்டர்' ஆப்கள். சத்தம் 200 சதவீதம் என்று படம் போட்டிருப்பார்கள். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. இன்றைய பாட்டுகளை அந்தக் கூரையைத் தொடும் அளவுக்கு ஏற்றித்தான் வெளியிடுகிறார்கள். நிறைந்த தம்ளரில் இன்னும் தே தாரேக் ஊற்றினால் என்ன ஆகும்? அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டு, தவில் அடி எல்லாம் 'கர்ர்' என்று கேட்கும். சின்ன ஸ்பீக்கராக இருந்தால் கிழிந்தே போகலாம். பழைய பாட்டு சிலவற்றைத் தாழ்ந்த அளவில் பதிவேற்றியிருப்பார்கள். அங்கே பூஸ்டர் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அடுத்துப் புதுப்பாட்டு ஒன்று வரும்போது அந்தப் பூஸ்டர் அப்படியே காதுக்குள் இறங்கும். ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் பாட்டுக்குப் பாட்டு பொத்தானைத் தேடும் வேலை இல்லை.

இன்னொரு தவறைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். காதுக்குள் நுழைக்கும் இயர்போனின் முனையில் ஒரு சன்னமான வலை இருக்கும். 'ஒரு பக்கம் சத்தமே இல்லை, போன் கட்டுப்படுத்துது' என்று கொண்டுவரும் இயர்போன்களில் பாதியை நான் விளக்குக்குக் கீழே பிடித்தால், வலையே தெரியாது. காதுக் குறும்பி மஞ்சளாகப் பூசிக்கிடக்கும். ரப்பர் முனையைக் கழற்றி, வலை கீழே பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். வலை மேலே பார்த்தால் அழுக்கு உள்ளேதான் விழும். ஊசி வேண்டாம், வலை கிழிந்துவிடும். தண்ணீரும் வேண்டாம். சுத்தம் செய்தும் பாட்டு சன்னமாகவே கேட்டால் ரப்பர் முனையின் அளவை மாற்றிப் பாருங்கள். முனை காதில் சரியாக அடைக்காவிட்டால் அடித்தொனி முழுக்க வெளியே போய்விடும். அதை ஈடுகட்டத்தான் நாம் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறோம். பெட்டியில் மூன்று அளவு கொடுத்திருப்பார்கள், அதைத் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிப் போட்டவர்கள்தான் அதிகம்.

இனி, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் தவறு. வெளிச் சத்தத்தை வால்யூமால் வெல்லப் பார்ப்பது.

செம்பனைக் காட்டில் குத்தகைக்குப் புல் வெட்டும் தம்பி ஒருவன் வந்தான். முதுகில் மெஷின், காதில் இயர்போன், காலையிலிருந்து மத்தியானம் வரை. போன் சத்தத்தை இறக்கிக்கொண்டே இருக்கிறதாம். "இந்தக் கட்டுப்பாட்டை எடுத்துடுங்கண்ணே, எவ்வளவு கேட்டாலும் தர்றேன்." அவன் போனில் அதை எடுக்க வழி இருக்கிறதா என்றால், போனின் மென்பொருளையே மாற்றிப் போட வேண்டும். அப்படிச் செய்தால் உத்தரவாதம் போகும், பேங்க் ஆப் திறக்காமல் போகலாம். ஆனால் நான் மறுத்ததற்குக் காரணம் அது இல்லை.

அவனிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவும் 2018-ல் பாட்டுக் கருவிகளுக்கென்று வெளியிட்ட தரவிதி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்கிறது. பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரம், ஆனால் 75 டெசிபல். இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5, 92 என்றால் இரண்டரை, 95 என்றால் வாரம் முழுக்க ஒன்றேகால் மணி நேரம். புல் வெட்டும் மெஷின் ஓட்டுபவனின் காதில் சத்தம் சாதாரணமாகவே 90-ஐத் தாண்டும். அதற்கு மேலே பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் அவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். போன் தான் போட்ட பாட்டின் சத்தத்தை மட்டும்தான் எண்ணும், மெஷினின் சத்தம் அதன் கணக்கில் வராது. போன் அளவுக்கு மீறிக் கண்டிப்பு காட்டுகிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் விஷயத்தில் அது ஆபத்தில் பாதியைத்தான் பார்த்தது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2019-ல் வந்த வேலையிடச் சத்த விதிமுறைகளின்படி ஒரு நாளைய சராசரி 85 டெசிபலைத் தாண்டினால் முதலாளி காதுக் கவசம் கொடுக்க வேண்டும், செவிப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு முன்பிருந்த 1989 விதியில் இந்த எல்லை 90. என் அப்பா அந்தக் காலத்தில் செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் நின்றவர். இன்று வீட்டில் மின்னல் எஃப்எம் வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் தனியாக ரேடியோ வைக்க வேண்டியதில்லை.

சரி, தம்பிக்கு என்ன வழி? காதுக்கு இயர்போன் காவல் என்று நினைக்கக்கூடாது. முழுக் காதையும் மூடும் கவசத்தைப் போட வேண்டும். மெஷின் சத்தம் அடங்கினால் பாட்டுக்கு இவ்வளவு வால்யூம் தேவைப்படாது. ஆனாலும் மெஷின் ஓடும்போது பாட்டே வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன், பக்கத்தில் யாராவது கத்தினால் கேட்க வேண்டுமே. பஸ்ஸில், ரயிலில் போகிறவர்களுக்கு வெளிச்சத்தத்தை அடக்கும் ஹெட்போன் உதவும். அதைப் போட்டுக்கொண்டும் உச்சத்தில் வைத்தால் பயனில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் கட்டுப்பாட்டு மையத்தில் காது படத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பாட்டு ஓடும்போதே இப்போது எத்தனை டெசிபல் என்று காட்டும். வேறு கம்பெனி ஹெட்போன் என்றால் வால்யூமை வைத்துப் போடும் உத்தேசக் கணக்குதான், இருந்தாலும் ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு அது மேல்.

பேசி முடித்துக் கிளம்பும்போது அவன் சும்மா சொல்வதுபோல் ஒன்று சொன்னான். "ராத்திரி படுத்தா காதுக்குள்ள ஒரு வண்டு கத்துதுண்ணே. பாட்டு போட்டா தெரியாது." வண்டு சத்தத்தை மறைக்கப் பாட்டு, பாட்டால் இன்னும் வண்டு. இதைத் தள்ளிப்போடுவதுதான் எல்லாத் தவறிலும் மோசமானது. இரைச்சல் நாள் கணக்கில் நின்றால் கிளினிக்குப் போக வேண்டும். ஒரு காது திடீரென்று அடைத்து, கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். சில நாள் தாமதித்தாலும் மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தான். அரசாங்கக் கிளினிக்கில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். செவிப் பரிசோதனை நாளைப் போன் காலண்டரில் போட்டுக் கொடுக்கச் சொன்னான். போட்டேன்.

"அலாரம் நல்லா சத்தமா வைங்கண்ணே," என்றான்.

அலாரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. உச்சத்தில் வைத்துக் கொடுத்தேன்.