குளிர்கால உடையும் முகப்பருவும்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ரொறன்ரோவில் முதற் குளிர்காலத்தைக் கழிக்கும் பலருக்கு நெற்றியிலும் தாடையோரத்திலும் புதிதாகப் பருக்கள் எழும்புகின்றன. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பாடு மாறிவிட்டது என்று காரணம் தேடுவதற்கு முன், கதவருகே மாட்டியிருக்கும் ஸ்கார்ஃபையும் கம்பளித் தொப்பியையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

மூக்கையும் வாயையும் மூடிச் சுற்றிய ஸ்கார்ஃபில் மூச்சின் ஈரம் படிகிறது. பேருந்தில் ஏறியதும் உள்ளிருக்கும் வெப்பத்தில் முகம் வியர்க்கிறது. தலையைத் திருப்பும்போதெல்லாம் நனைந்த துணி அதே இடத்தில் உரசுகிறது. ஈரமும் வெப்பமும் உரசலும் சேர்ந்து மயிர்த்துளைகளை அடைப்பதால், முகக்கவசம் அணிந்த காலத்தில் பலருக்கு வந்ததைப் போன்ற பருக்கள் இங்கும் வருகின்றன.

நெற்றிப் பருவுக்குத் தலையெண்ணெயும் காரணமாகலாம், நம்மவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். காலையில் தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் தொப்பியை இறுக்கமாக அணிந்தால், எண்ணெய் தொப்பியின் உள்விளிம்பில் ஊறி நாள் முழுவதும் நெற்றியில் படிந்துகொண்டே இருக்கும். அந்த விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் பிசுபிசுப்பான கறுத்த பட்டையொன்று தெரியும். எண்ணெயை இரவில் வைத்துக் காலையில் தலைக்குக் குளித்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் வெளியே போகும் நாட்களில் தவிர்த்துவிடுங்கள்.

அதற்காக முகத்தை மூடாமல் வெளியே போய்விடாதீர்கள். காற்றோடு சேர்ந்த குளிர் −28க்குக் கீழே இறங்கினால், திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துவிடக்கூடும். கம்பளி தோலை அரித்தால், அதனடியில் மென்மையான பருத்தித் துணியொன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஸ்கார்ஃப்களை மாற்றி மாற்றி அணிந்து, வாரம் ஒருமுறையாவது வாசனையற்ற சோப்புத்தூளில் துவைத்து, நன்றாக உலர்ந்தபின்பே மீண்டும் அணியுங்கள்.

வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்துவதால் தோல் ஏற்கெனவே வறண்டிருக்கும். பருவைக் கண்டதும் காரமான சோப்பால் தேய்த்தால் எரிச்சல்தான் கூடும்; மிதமான கிளென்சரும், துளைகளை அடைக்காத மாய்ஸ்சரைசரும் போதும். பருவைக் கிள்ளவே வேண்டாம், நமது மாநிறத் தோலில் அதன் கறுப்புத் தழும்பு பல மாதங்கள் நிற்கும். பென்சாயில் பெராக்சைடு என்னும் பரு மருந்தைப் பூசுபவர்கள் அது நன்றாக உலர்ந்தபின் ஸ்கார்ஃபைச் சுற்ற வேண்டும், இல்லையேல் துணியின் சாயம் வெளுத்துவிடும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் பூசுவது பெருந்தவறு, அதுவே பருவை உண்டாக்கும். ஒன்ராறியோவில் 2023 அக்டோபர் 1 முதல், இலேசான முகப்பருவுக்கு மருந்தாளரே மருந்து எழுதித்தரலாம். பார்மசிக்குப் போகும்போது சுகாதார அட்டையை எடுத்துச் செல்லுங்கள். கட்டிகட்டியாக வந்து வலித்தால் குடும்ப வைத்தியரைப் பார்த்து, தோல் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். காத்திருப்பு நீளக்கூடும் என்பதால் முன்கூட்டியே கேட்பது நல்லது.