ஊட்டிய நடந்து பாருங்க: ஊருக்கு வர்ற சொந்தங்களுக்கு

எங்க சித்தி டொரண்டோல இருந்து ரெண்டு பசங்களோட வந்திருந்தாங்க, மே மாசம், அதுவும் சனிக்கிழமை. கோயம்புத்தூர்ல வாடகைக் கார் பிடிச்சு காலைல கிளம்பி கல்லாறு செக்போஸ்ட் வரைக்கும் ஜோரா வந்தாச்சு, அங்க இ-பாஸ் எங்கன்னு கேட்டாங்க. டிரைவர் அண்ணன் "அதெல்லாம் பாத்துக்கலாம்மா"ன்னு சொல்லிட்டு வந்த ஆளு, இப்ப சித்திய திரும்பிப் பாக்குறாரு. சித்தி போன்ல கனடா நம்பர், ஓடிபி வரல. பசங்களுக்குன்னு வாங்கி வச்சிருந்த ஒரு கட்டு தண்ணி பாட்டிலும் அங்கயே போச்சு. ஊட்டி சேரும்போது மணி மூணு. அதுக்கப்புறம் டிரைவர் ஒவ்வொரு பாயிண்டா நிறுத்தி "பத்து நிமிஷம், போட்டோ எடுத்துட்டு வாங்க"ன்னு விரட்ட, ராத்திரி வீட்டுக்கு வந்து சித்தி கேட்டாங்க, "ஏன்டா, எல்லாம் பாத்தோம், ஊர எங்கடா?"

நியாயமான கேள்வி. ஊட்டின்னா போட் ஹவுஸ், தொட்டபெட்டா, சூட்டிங் ஸ்பாட்னு ஆகிப்போச்சு, ஆனா இருநூறு வருஷத்துப் பழைய ஊர் ஒண்ணு நடுவுல அப்படியே இருக்கு, அத கார்ல பாக்க முடியாது, நடந்தா ஒரு நாள் போதும். மறுநாள் நான் அவங்கள கூட்டிட்டுப் போன வழிய அப்படியே சொல்றேன், கைடு தேவையில்ல.

அதுக்கு முன்னாடி மேல வர்ற கதை. சொந்தக் கார், வாடகைக் கார் எதுல வந்தாலும் இ-பாஸ் வேணும், ஹைகோர்ட் உத்தரவுல 2024 மே மாசத்துல இருந்து நடைமுறை, கொடைக்கானலுக்கும் இதேதான். காசு கிடையாது, ஆன்லைன்லயே எடுக்கலாம், வெளிநாட்டு நம்பர் வச்சிருக்கவங்க ஈமெயில் வச்சு எடுக்கலாம், அதனால சித்தி மாதிரி செக்போஸ்ட்ல நின்னுட்டு ஓடிபிக்கு காத்திருக்காதீங்க, ஏர்போர்ட் வந்து இறங்குறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. சீசன்ல ஒரு நாளைக்கு இத்தன வண்டிதான்னு அளவு வைக்கிறாங்க, கடைசி நேரத்துல கிடைக்காமலும் போகலாம். கவர்மெண்ட் பஸ்ல வந்தா இந்தத் தொல்லை எதுவும் இல்ல, மேட்டுப்பாளையத்துல இருந்து பஸ் வந்துக்கிட்டே இருக்கும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மாவட்டத்துக்குள்ள தடை, ஸ்டீல் பாட்டில் கொண்டு வாங்க.

மலை ரயில் வேணும்னு பிள்ளைங்க அடம் பிடிக்கும். பிடிக்கட்டும், நியாயம்தான். மேட்டுப்பாளையத்துல இருந்து 1899ல குன்னூர் வரைக்கும் வந்துச்சு, 1908ல ஊட்டிக்கு. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச கம்பி ஓடும், எஞ்சின்ல இருக்க பல் சக்கரம் அதப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் ஏறும், அந்த ஏத்தம் பன்னெண்டு அடி போனா ஒரு அடி உசரம்ங்கிற கணக்கு, சாதா ரயில் அதுல நின்னாலே வழுக்கிடும். 46 கிலோமீட்டருக்கு 16 குகை, 208 வளைவு, கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. டிக்கெட் 60 நாளுக்கு முன்னாடி ஓப்பன் ஆகும், ஆன அன்னிக்கே போடணும், சீசன்ல கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள காலி. கிடைக்கலைன்னா அழ வேண்டாம், குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு 19 கிலோமீட்டர் மட்டும் போற ரயில்ல ஏறுங்க, டீசல் எஞ்சின்தான், ஆனா கேத்தி பள்ளத்தாக்கு அதுலயும் தெரியும். மழைக்காலத்துல மண்சரிவுன்னு ரயிலையே நிறுத்திடுவாங்க, அதனால ரயில நம்பி ரிட்டர்ன் ஃபிளைட் போடாதீங்க.

சரி, நடை. ஒரே விதிதான்: மேட்டுல ஆரம்பிச்சு கீழ இறங்கணும். ஏழாயிரம் அடிக்கு மேல இருக்க ஊர், முதல் நாள் மூச்சு வாங்கும், அம்மா அப்பாவக் கூட்டிட்டு வந்தா கட்டாயம் வாங்கும். பஸ் ஸ்டாண்டும் ரயில்வே ஸ்டேஷனும் பள்ளத்துல இருக்கு, அங்க இருந்து ஆட்டோ பிடிங்க, மீட்டர் எல்லாம் எதிர்பார்க்காதீங்க, ஏறும்முன்ன பேசிக்கோங்க, "ஆர்ட்ஸ் காலேஜ்"னு சொன்னா போதும்.

காலேஜுக்குள்ள இருக்கதுதான் கல் பங்களா, ஸ்டோன் ஹவுஸ். கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1822ல கட்ட ஆரம்பிச்சது, ஊட்டியோட முதல் பங்களா, ஊரே அதச் சுத்தித்தான் வளந்துச்சு. இது காலேஜ், அதனால கேட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு, கிளாஸ் நடக்குற பக்கம் போகாம, வெளிய இருந்து பாத்துட்டு வந்துடுங்க. கீழ போட் விடுறாங்களே அந்த ஏரியும் இவர் வெட்டுனதுதான். வெள்ளைக்கார கலெக்டருக்கு இன்னும் இங்க நல்ல பேரு இருக்கது ஏன்னா, இந்த மலை இங்கத்த பழங்குடிங்களான தோடர்களுக்குத்தான் சொந்தம்னு கிழக்கிந்தியக் கம்பெனிகிட்டயே வாதாடின மனுசன்.

அங்க இருந்து செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச். இங்க நேரம் எடுத்துக்கோங்க. 1829ல அஸ்திவாரம் போட்டு 1831 ஈஸ்டருக்கு திறந்த கோயில், வெளிய வெளிறின மஞ்சள், பெருசா ஒண்ணும் தோணாது. உள்ள போய் பெஞ்சுல உக்காந்து அண்ணாந்து பாருங்க. தலைக்கு மேல குறுக்க போகுதே உத்தரம், அந்த மரம் எல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனைய இடிச்சுக் கொண்டு வந்தது. 1799 மே 4ல கோட்டை விழுந்துச்சு, திப்பு செத்தாரு, அவர் கையில இருந்த இந்த மலையும் கம்பெனிக்குப் போச்சு, முப்பது வருஷம் கழிச்சு அவர் வீட்டு உத்தரமே மலையேறி வந்து சர்ச்சுக் கூரையத் தாங்குது. யானை வச்சு இழுத்துட்டு வந்தாங்கன்னு இங்க பெரியவங்க சொல்வாங்க, இப்ப அந்த ரோட்டுல பஸ்ல வர்றதுக்கே நமக்கு குடல் புரளுது. சித்தியோட சின்னப் பையன், பத்து வயசு, ரொம்ப நேரம் மேலயே பாத்துட்டு "அப்ப இது திருட்டு மரமா அண்ணா?"ன்னு கேட்டான். நான் ஒண்ணும் சொல்லல.

சர்ச்சுக்குப் பின்னாடி சரிவுல கல்லறைத் தோட்டம். சல்லிவனோட மனைவி ஹென்ரியட்டாவும் ஒரு மகளும் இங்கதான். கல்லறைகள்ல வயசப் படிச்சுட்டே போங்க, குழந்தைங்கதான் எத்தன. புல்லு ஈரமா இருக்கும், வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. சர்ச்சுல ஆராதனை நடந்துட்டு இருந்தா காத்திருங்க, உள்ள போட்டோ எடுக்கலாமான்னு கேட்டுட்டு எடுங்க.

இறங்குனா நீலகிரி லைப்ரரி, செங்கல் கட்டடம், மெட்ராஸ் யுனிவர்சிட்டி செனட் ஹவுஸ் கட்டின சிசோம் வேலை. மெம்பர்களுக்கான இடம், வெளிய இருந்தே ஜன்னலப் பாத்தாலும் போதும். மேல ஊட்டி கிளப் இருக்கு, ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதி எழுதி ஒட்டின இடம், நம்மள எல்லாம் உள்ள விட மாட்டாங்க, அதுக்காக மேடு ஏறாதீங்க.

மதியம் கமர்ஷியல் ரோட்டுல சாப்பாடு. அப்படியே மார்க்கெட்டுக்குள்ள ஒரு சுத்து. சாக்லேட் கடைக்காரங்க கூப்பிட்டுட்டே இருப்பாங்க, பரவால்ல, வாங்குங்க, ஆனா நான் சொல்றது வர்க்கி. பழைய பேக்கரியா பாத்து, சூடா இறங்குற நேரம் கேட்டு வாங்கணும். கைல எடுத்தா கல்லு மாதிரி இருக்கும், கடிச்சா அடுக்கடுக்கா உடைஞ்சு சட்டையெல்லாம் தூளாகும், அதுக்குத்தான் டீல நனைச்சு திங்கிறது, நனைக்கிறதும் ரெண்டு செகண்டுக்கு மேல போனா கிளாஸுக்குள்ள விழுந்துடும். தைலம் வாங்குறவங்க ரோட்டோரத்துல மலிவா கிடைக்குதுன்னு வாங்காதீங்க, கலப்படம் ஜாஸ்தி. சின்னக் கடைல எல்லாம் ஜிபேதான் கேப்பாங்க, வெளிநாட்டு கார்டு தேய்க்க மெஷின் இருக்காது, அதனால பத்து இருபது அம்பதா சில்லறை நோட்டு வச்சுக்கோங்க.

சேரிங் கிராஸ்ல ஆடம்ஸ் ஃபவுண்டன், 1881ல இங்கயே இறந்துபோன மெட்ராஸ் கவர்னர் நினைவா 1886ல கட்டினது. டிராஃபிக்க பாத்து கிராஸ் பண்ணுங்க, அவ்வளவுதான். அங்க இருந்து கார்டன் ரோட்ல மெதுவா மேல நடந்தா பொட்டானிக்கல் கார்டன், 1848ல மெக்ஐவர்னு ஒரு தோட்டக்காரர் போட்டது, 55 ஏக்கர். மே மாச மலர்க் கண்காட்சி சமயத்துல வந்தா பூவ விட தலைதான் தெரியும். கல்லா மாறிப்போன மரம் ஒண்ணு கிடக்கு, வயசு ரெண்டு கோடி வருஷம்ங்கிறாங்க, அதப் பாக்காம பசங்க எல்லாம் புல்லுல உருளப் போயிடும்.

தோட்டத்துக்கு மேல தோடர் மந்து இருக்கு, அதாவது அவங்க குடியிருப்பு. பாதி பீப்பாய கவுத்து வச்ச மாதிரி வீடு, வாசல் தவழ்ந்து போற அளவுதான். அங்க போறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், அது காட்சிப் பொருள் இல்ல, வீடு. கோயில சுத்தி கல்லு சுவர் இருந்தா அத தாண்டாதீங்க, கேக்காம கேமராவ நீட்டாதீங்க. வெள்ளைத் துணில சிவப்பும் கருப்புமா கையால போடுற தையல் சால்வை விப்பாங்க, 2013ல புவிசார் குறியீடு வாங்கினது, மாசக்கணக்குல வேல, அதுல போய் "கொஞ்சம் கொறைங்க"ன்னு பேரம் பேசுற நம்ம பழக்கத்த மட்டும் டொரண்டோல வச்சுட்டு வாங்க.

இன்னொரு நாள் கைல இருந்தா, இலங்கைல வேர் இருக்கவங்க கோத்தகிரி, கூடலூர் பக்கம் போய்ப் பாருங்க. 1964 சாஸ்திரி ஒப்பந்தத்துல மலையகத்துல இருந்து வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல கவர்மெண்ட் தேயிலைத் தோட்டம் போட்டது, இன்னிக்கு டேன்டீங்கிறது அதுதான். எங்க தாத்தா நுவரெலியால இருந்து அப்படி வந்தவர். பேப்பர்ல "தாயகம் திரும்பியோர்"னு போட்டிருக்கும், ஊருக்குள்ள "சிலோன்காரங்க". அந்தத் தோட்டத் தொழிலாளிங்க இருக்க லயத்துல, அதாவது வரிசை வீடுகள்ல, ஒரு டீ குடிச்சா நுவரெலியா தமிழ் இன்னும் காதுல விழும்.

இல்ல, அந்த உத்தரம் மனசுல நின்னுடுச்சுன்னா, கூடலூர், பந்திப்பூர் வழியா மைசூர் போய் ஸ்ரீரங்கப்பட்டணத்தையே பாத்துடுங்க. காவேரி சுத்தி ஓடுற தீவுல கோட்டைச் சுவர் இன்னும் நிக்குது, ரங்கநாதர் கோயில், ஜும்மா மசூதி, திப்பு உடம்பு கிடந்த இடம் எல்லாம் சுவருக்குள்ளயே, சைக்கிள்லயே சுத்திடலாம், திப்புவோட கோடைக்கால அரண்மனை தரியா தௌலத்தும், அவர் சமாதி கும்பஸும் சுவருக்கு வெளிய கொஞ்சம் தள்ளி. உத்தரம் வந்த அந்த அரண்மனை இருந்த இடத்துல அடிக்கல்லுதான் மிச்சம். பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் மூடிடுவாங்க, சாயங்காலம் லேட்டா கிளம்பி மாட்டிக்காதீங்க.

எப்ப வர்றதுன்னு கேட்டா, என் ஓட்டு பிப்ரவரி மார்ச், இல்ல செப்டம்பர். டிசம்பர் ஜனவரில விடியக்காலைல புல்லு மேல உறைபனி வெள்ளையா நிக்கும், கனடாக்காரங்க சிரிப்பாங்க, ஆனா இங்க வீட்டுக்குள்ள ஹீட்டர் கிடையாது, அப்ப தெரியும். குளிரா இருக்கேன்னு வெயில சாதாரணமா நினைக்காதீங்க, ஒரே நாள்ல மூஞ்சி கருத்துடும்.

இறங்கும்போது வெறும் வயித்தோட பஸ் ஏறாதீங்க, ரொம்பத் தின்னுட்டும் ஏறாதீங்க, ஜன்னல் சீட் பிடிங்க, ஒரு எலுமிச்சம்பழம் கைல இருக்கட்டும். வர்க்கிய செக்கின் பெட்டில போட்டா டொரண்டோல மாவுதான் இறங்கும், சித்தி சொன்னாங்க, டப்பால அடைச்சு கேபின் பையில வையுங்க.